அந்தப் பக்கம் இன்னும் வைக்கவில்லை

எங்கள் தெருவில் ஒரு லேப்டாப் நாலு வருஷம் அணைந்துகொண்டே இருந்தது. அணைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, அணையவில்லை என்றும் சொல்ல முடியாது. கோயில் மணி அடிக்கிற நேரத்திலும் ரேஷன் கடை திறக்கிற நேரத்திலும், தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து கண்ணை மறைக்கிற ஆனி ஆடியிலும், ஐப்பசி மழையிலும், அன்னபுஷ்பம் மைனி வீட்டு முன்னறையில் தையல் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலின் மேல், நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவர, அதற்குக் கீழே ஷட்டிங் டவுன் என்று எழுதியிருக்க, அது பாட்டுக்கு அணைந்துகொண்டே இருந்தது. கரண்ட் போனாலும் அப்படித்தான். வயரைப் பிடுங்கினாலும் அப்படித்தான்.

அது ஒரு புதன்கிழமை தொடங்கினது. எங்கள் பக்கம் அண்ணியை மைனி என்போம். மைனியின் ஒரே மகன் டைட்டஸ் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலையாக இருந்தான். கல்யாணம் முடிந்து ஏழு மாதத்தில் திரும்பவும் கப்பல் ஏறினவன், போனில் முகம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிகிறது என்று அம்மா குறைபட்டதற்காக அந்த லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டுப் போனான். புதனும் சனியும் பேசுவான். அன்றைக்கு மைனி சபைக் கோயிலில் சனிக்கிழமைச் சமபந்தி விருந்துக்குப் பாத்திரம் எண்ணப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது மருமகள் பியூலா மட்டும்தான். மைனி திரும்பி வந்தபோது பியூலா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், லேப்டாப் அணைந்துகொண்டிருந்தது. சாப்பிட்டார்கள். படுத்து எழும்பினார்கள். அணைந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமையும் அணைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஒருவர் போன் பண்ணி, இருபத்திரண்டு பேரோடு போன கப்பலைப் புதன்கிழமை காலையிலிருந்து காணவில்லை என்றார்.

காணவில்லை என்றால் தேடுவார்கள்தானே. தேடினார்கள். நாங்களும் முழங்காலில் நின்றோம். லேப்டாப்பைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைதான், துக்கம் கேட்க வந்த ரத்தினபாய் அக்கா அதைப் பார்த்தாள். எங்கள் தெருவில் வாய்க்குப் பூட்டில்லாத மனுஷி அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஏட்டி பியூலா, இது என்னட்டி, கிறுக்குப் பிடிச்ச ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கு? அணைச்சித் தொலையேன்” என்றாள்.

“அணைய மாட்டேங்கு சித்தி” என்றாள் பியூலா.

அப்படித்தான் கோயில்பிச்சை வந்தான். சந்தையடி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மிக்சியும் டிவியும் சரிபண்ணிக்கொண்டிருந்து, காலம் மாறினபோது கம்ப்யூட்டருக்கு மாறினவன். ஸ்டூல் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“பவர் பட்டனைப் பத்து செகண்டு அமுக்கிப் பிடிச்சா எந்தக் கொம்பனும் அணைஞ்சிருவான் பெரியம்மா.”

பத்து செகண்டு அமுக்கினான். இருபது அமுக்கினான். விரல் வலிக்கிறது என்று கையை உதறினபோது ரத்தினபாய் அக்கா அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, நாலு சரணம் உள்ள ஒரு பாட்டை முழுக்கப் பாடி முடிக்கிற மட்டும் அமுக்கிப் பிடித்திருந்தாள். புள்ளிகள் சுற்றின. சில நேரம் புது மாற்றங்களை உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கும், அதனால் தாமதமாகும் என்று மத்தியானம்வரை காத்திருந்தான். பிறகு வயரைப் பிடுங்கினான், கவிழ்த்துப் போட்டு பேட்டரியை உருவினான்.

“இனி என்ன பண்ணுதுன்னு பாப்போம்.”

நிமிர்த்தி வைத்தான். புள்ளிகள் சுற்றின. கோயில்பிச்சை கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, “சரி” என்றான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இன்னும் மெல்லிசான ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி மைனியின் தாம்பாளத்தில் அடுக்கினான். கடைசியில் திரையும் கீழ்ப்பலகையும் மாத்திரம் மிச்சம், அதிலும் புள்ளிகள் சுற்றின. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிற பாகம் ஒன்று இருக்கிறதாம், உள்ளங்கை அளவு. அதை மட்டும் தன்னுடைய கம்ப்யூட்டரில் சொருகி வெகுநேரம் வாசித்தான்.

“ஒரு ப்ரோக்ராம் மூட மாட்டேங்கு பெரியம்மா. அது மூடுனாத்தான் இது அணையும்.”

“எதுய்யா அது?”

“பேசுத ப்ரோக்ராம். கால் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. ஆறு நாள், நாலு மணி நேரம், பதினோரு நிமிஷம்...” அவன் கிட்டத்தில் குனிந்தான். “பன்னெண்டு ஆயிட்டு.”

“புரியும்படியா சொல்லுலே” என்றாள் ரத்தினபாய் அக்கா.

“நம்ம பக்கம் வச்சாச்சு சித்தி. அந்தப் பக்கம் இன்னும் வைக்கல.”

அன்னபுஷ்பம் மைனி எழும்பி அடுப்படிக்குப் போய் அவனுக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது நாங்கள்தான். அன்றைக்குத்தான் அவள் கையால் மூட்டினாள். கோயில்பிச்சை எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிஞ்சியது. “அது அதுல உள்ளதில்ல, உன் தலையில இருந்து கழண்டது” என்று ரத்தினபாய் அக்கா சொல்ல, அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, மைனியும் சிரித்தாள். பியூலா மட்டும் சுவரோரம் நின்று, டைட்டஸ் வாங்கிப் போட்ட வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். போகிற போக்கில் கோயில்பிச்சை சத்தம் கூட்டுகிற பொத்தானைத் தேடி அமுக்கினான். ஸ்பீக்கரிலிருந்து கடல் வந்தது.

எங்கள் ஆனந்தவிளை கடலிலிருந்து பதினாறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பனையும் செம்மண்ணும் முருங்கையும் உண்டு, கடல் கிடையாது. அதற்குப் பிறகு எங்களுக்குக் கடலும் இருந்தது. அந்த வீட்டில் மட்டும் அப்பளம் நமத்துப் போனது, தீக்குச்சி உரசினால் பற்றவில்லை, ஜன்னல் கம்பி துருவேறியது. நாங்கள் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டோம். மைனி வீட்டுக்குப் போகிறவர்கள் லைட்டர் கொண்டுபோனார்கள். மழைக்காலத்தில் தோசை மாவு புளிக்காவிட்டால் தூக்குச்சட்டியை அந்த ஸ்டூலுக்குக் கீழே வைப்போம், அதன் சூட்டில் ரெண்டு மணி நேரத்தில் பொங்கிவரும். பல் முளைக்கிற பிள்ளைகளைத் தூக்கிவந்து அந்த இரைச்சலில் தூங்கவைத்தார்கள். துபாயில் இருக்கிற புருஷன் நாலு மாதமாகப் பேசவில்லை என்று ஒருத்தி வந்து, கப்பலில் போகிற டைட்டஸ் எந்தத் துறைமுகத்திலாவது அவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு எல்லாரும் சொன்னோம். கரண்டுக்காரன் வராதது, பரீட்சையில் தேறினது, மகள் பிரசவத்துக்கு வந்திருப்பது, என் மூத்தவன் கோயம்புத்தூரில் வீடு பார்த்துவிட்டது, எல்லாம். பதில் வராது. காற்றும் தண்ணீரும்தான், இடையிலே எங்கேயோ இரும்பில் இரும்பு இடிக்கிற ஒரு சத்தமும். ஆனாலும் பதில் வராத இடத்தில் பேசிப் பழகினவர்கள்தானே நாங்கள், ஜெபம் வேறென்ன.

புதிதாக மாற்றலாகி வந்த ஐயர் ஒருநாள் கண்டிக்கிறதற்கு வந்தார். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.

“அம்மா, மரித்தவங்ககிட்ட பேசுறது சபை ஒழுங்கில்லை.”

“ஐயா, போன ஞாயிற்றுக்கிழமைகூட கடல்மேல இருக்கவிய பட்டியல்ல அவன் பேரை நீங்கதான வாசிச்சிய?”

ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கோயிலில் இரண்டு பட்டியல் வாசிப்பார்கள், கடல்மேல் இருக்கிறவர்களுக்காக ஒன்று, அந்த மாதம் மரித்து நித்திரை அடைந்தவர்களுக்காக ஒன்று. கப்பலைத் தேடுவதை நிறுத்தியாகிவிட்டது, இனி இறந்ததாகவே கருதிக்கொள்ளலாம் என்று கம்பெனி காகிதம் அனுப்பின பிறகும் டைட்டஸ் பேர் முதல் பட்டியலை விட்டு நகரவில்லை. லைனில் இருக்கிறவனை எப்படி நகர்த்துவது? ஐயர் டீயைக் குடித்தார். எழும்பும்போது ஸ்டூலின் பக்கம் குனிந்து, “டைட்டஸ், தம்பி, நான் சபை குரு பேசுறேன்” என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இப்படி நாலு வருஷம். அதிசயம் எங்களுக்குப் பழகிவிட்டது. பியூலாவுக்குத்தான் பழகவில்லை.

அவள் அந்த வீட்டில் எதையும் அணைக்க மாட்டாள். லைட்டைப் போட்டால் போட்டபடி, குழாயைத் திறந்தால் திறந்தபடி, பால் காய்ந்தாலும் அடுப்புத் திருகைத் தொட மாட்டாள். மைனி அவள் பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. இருபத்தேழு வயதில் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. விதவைகள் சங்கத்தில் அவளைச் சேர்க்கவில்லை, புருஷனோடு வருகிறவர்கள் வரிசையிலும் அவளுக்கு இடமில்லை, கோயிலில் தூணோரம் தனியே உட்காருவாள். டிராயிங் வாத்தியார் தனராஜின் மகள்தான் அந்தத் தூணோரத்துக்கு வந்தாள். தாயில்லாப் பிள்ளை, ஐந்து வயது. தகப்பன் போட்டுவிட்ட சடை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் முன்னே அவிழ்ந்துபோகும். பியூலா அதைப் பிடித்து உட்காரவைத்துப் பின்னிவிடுவாள். ஒரு வருஷம் போல அது நடந்தது. பார்த்துக்கொண்டே இருந்த அன்னபுஷ்பம் மைனி ஒருநாள் என் வீட்டுப் படியேறி வந்தாள்.

“ஞானம், எனக்கு ஒரு துணைக்கு வா. தனராஜ் வாத்தியார் வீடுவரைக்கும் போயிட்டு வருவோம்.”

“எதுக்கு மைனி?”

“பொண்ணு குடுக்கத்தான்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். “மைனி, டைட்டஸ்...”

“அவன் வாரபோது வரட்டும். எதையும் போட்டபடி விடுதவ, அந்தப் பிள்ளை சடையை மாத்திரம் முடிச்சுப் போட்டுத்தான் விடுதா, கவனிச்சியா? நான் இன்னும் எத்தனை நாளைக்கு இவ பின்னால லைட்டு அணைச்சிக்கிட்டு நடப்பேன்?”

தனராஜ் வாத்தியார் நல்ல மனுஷர். அவருக்கு ஜூன் மாதம் தர்மபுரிப் பக்கம் மாற்றல் ஆகியிருந்தது. அதற்கு முன்னே முடித்துவிடலாம் என்றார். நாலாம் நாள் பியூலா அந்தப் பிள்ளையின் ரிப்பனைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள், அதுதான் அவள் சம்மதம்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னே மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் எழும்பிச் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். என் ஆயுசில் யாரும் எழும்பி நான் பார்த்ததில்லை. அந்த முதல் ஞாயிறு ஐயர் பழக்கதோஷத்தில் கடல்மேல் இருக்கிறவர்கள் பட்டியலை வாசித்து, டைட்டஸ் பேரையும் வாசித்து, ஐந்து நிமிஷம் கழித்து ஓலையை எடுத்து டைட்டஸ் மனைவி பேரை வாசித்தார். ரத்தினபாய் அக்கா எழும்பினாள். எழும்பும்போதே அழுதாள்.

“ஐயா, எனக்கு மனசுல ஒண்ணும் கிடையாது. இந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். ஆனா ஆண்டவர் சந்நிதியில கேக்கிய, தெரிஞ்சத மறைக்கலாமா? லைன் இன்னும் கட்டாகலையே ஐயா. புருஷன் லைன்ல இருக்கும்போது எப்படி?”

ஐயர் ஓலையை மடித்து வைத்தார். அன்றைக்கு அந்த ஓலை அதோடு நின்றுபோனது. தனராஜ் வாத்தியாரின் மகள் எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் மைனி நேராக ரத்தினபாய் அக்காவிடம் போனாள், சண்டை வரும் என்று நாங்கள் ஒதுங்கினோம். “நீ சொன்னது சரிதான்” என்று மாத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அப்போது மாதர் சங்கத்தில் சங்கிலி ஜெபம் வைத்தோம். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறுவரை, ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒருத்தி எழும்புமுன் அடுத்தவள் முழங்கால் போட்டுவிட வேண்டும், சங்கிலி அறக் கூடாது. அறாமல்தான் நடத்தினோம். ஆறு மணிக்கு ஆமென் சொன்னபோது புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு பேசிப் பார்த்தபோதுதான் எங்கள் புத்தியீனம் தெரிந்தது. யாருக்கு எந்த மணி என்று சீட்டு எழுதிக் கொடுத்தோமே தவிர, எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும் என்று ஒருத்திக்கும் சொல்லவில்லை. ஐந்து பேர், கர்த்தாவே இதை அணையப் பண்ணும் என்று கேட்டிருந்தார்கள். ஐந்து பேர், டைட்டஸ் திரும்புமட்டும் இதை அணையாமல் காத்தருளும் என்று கேட்டிருந்தார்கள். ஒருத்தி தன் பேரனுடைய மஞ்சள்காமாலைக்காக ஜெபித்துவிட்டு வந்திருந்தாள். கடைசி மணி அன்னபுஷ்பம் மைனியுடையது. “நான் சும்மாதான் இருந்தேன். வாய் வரல” என்றாள்.

ஜெபத்துக்கு ஆகாததைப் பேசிப் பார்ப்போம் என்று, மறுநாள் காலை எல்லாரும் வரிசையாக வந்து டைட்டஸிடம் கேட்டோம். மக்கா, வச்சிரு மக்கா. நீ போன இடத்துல நல்லா இரு, இங்க ஒரு பிள்ளை வாழணும், வச்சிரு. கோயில்பிச்சையும் வந்து, “அண்ணே, கீழ ஓரத்துல செவப்பா ஒரு பட்டன் இருக்கும், அத ஒரு அமுக்கு அமுக்குனா போதும்” என்று வழி சொன்னான். ஐயர் கேட்டார். ரத்தினபாய் அக்கா கேட்டாள், கேட்டுவிட்டுத் திட்டினாள், திட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். மைனி முன்னறை வாசலில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள், கேட்கமட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியாக பியூலா வந்து உட்கார்ந்தாள்.

“அத்தான்” என்றாள். வளையலைத் திருகினாள். “அன்னைக்கு உங்க படம் நின்னுபோச்சு. வாய் தெறந்தபடி நின்னுது. சத்தம் மட்டும் கரகரன்னு வந்துது. நீங்க என்னமோ சொன்னிய, எனக்கு வெளங்கல. அடுப்புல சோறு பொங்கி ஊத்துச்சு. நான் சாயங்காலம் பேசுதேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன். வச்சிட்டு இதையும் அணைச்சிட்டேன் அத்தான். நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே அணைச்சிட்டேன்.”

நாலு வருஷத்தில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் திரும்பி மைனியைப் பார்த்தாள், அடிவாங்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

மைனி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “அன்னைக்கு நீ வடிச்ச சோத்தைத்தான நானும் தின்னேன்” என்றாள்.

கடல் இரைந்துகொண்டிருந்தது. டைட்டஸ் வைக்கவில்லை.

அன்றைக்கே மைனி ஐயரிடம் போனாள். “என் வாயால அவனை வைன்னு சொல்ல மாட்டேன் ஐயா. பெத்தவ சொல்லக்கூடாது. மண்ணு வேணா போடுதேன். அடக்கம் பண்ணிருங்க.” உடல் இல்லாமல் எப்படி என்று ஐயர் கேட்டார். “அவன் இருக்க இடம் அதுதான, அதைப் போட்டுப் பண்ணுங்க” என்றாள். ஐயர் மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். மைனி, ஜூனுக்கு இன்னும் ஆறு ஞாயிறுதான் இருக்கிறது என்றாள். ஐயர் எழுதிக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அடக்கம். பெட்டி முழு அளவில் வேண்டும், என் மகன் ஆறடி என்று சொல்லிச் செய்வித்தாள். தலையணை வைத்து, கல்யாணச் சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்தார்கள். மூடிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆணி அடித்தபோது அடிக்கிறவன் மெதுவாக அடித்தான். தூக்கிக்கொண்டு போகையில் பெட்டிக்குள்ளே கடல் கேட்டது, தெருவில் நின்ற பஸ்காரன்கூட எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். பியூலா கறுப்பு இல்லை, வெள்ளையும் இல்லை, ஒரு சாம்பல் நிறச் சேலை உடுத்தியிருந்தாள். குழிக்கு அந்தப்புறம் தனராஜ் வாத்தியாரின் மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தப்புறம் மைனி, அவளை அணைத்தபடி நான்.

பெட்டியை இறக்கினார்கள். ஐயர் வாசித்தார். பாட்டு எடுத்தார்கள். பெற்றவள் முதல் பிடி போட வேண்டும் என்று சொல்ல, மைனி குனிந்து மண்ணை அள்ளி நிமிர்ந்தாள். இரண்டாம் சரணம் முடிந்து, மூன்றாம் சரணத்துக்கு எல்லாரும் மூச்சு இழுக்கிற அந்த இடைவெளியில், குழிக்குள்ளிருந்து டைட்டஸ் பேசினான். உரக்க இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவன் பக்கத்தில் தூங்குகிற தாயை எழுப்பிச் சொல்வானே, அந்த அளவுக்கு.

“யம்மா, கரை தெரியுது.”

நான் மைனியைப் பார்த்தேன். மைனி என்னைப் பார்த்தாள். காற்று எங்கள் பக்கம் அடித்தது, அந்தப்புறம் நின்றவர்கள் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. பியூலா குனிந்து அந்தப் பிள்ளையின் காலில் ஒட்டின செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் சரணம் எழும்பியது. கோயிலில் தன் குரல் தனக்கே கேட்காதபடி பாடுகிற மனுஷி, அன்றைக்கு அன்னபுஷ்பம் மைனி, வாலிப ஆண்களையெல்லாம் அமுக்கிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள், பாடிக்கொண்டே கையை விரித்தாள். மண் பலகையில் விழுந்தது. இரண்டாம் பிடி போட்டாள். மூன்றாம் பிடியும் போட்டாள்.

வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையுமுன் கால் கழுவ முற்றத்துக் குழாயடியில் நின்றோம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

“கேட்டியா ஞானம்?”

“கேட்டேன் மைனி.”

“எந்தக் கரையா இருக்கும்?”

பரலோகக் கரைதான் மைனி, ஆண்டவர் சேர்த்துக்கொண்டார் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஐம்பது வருஷம் ஜெபம் பண்ணின வாய், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. “தெரியலியே மைனி” என்றேன்.

“எனக்கும் தெரியல.” அவள் என் காலில் தண்ணீர் ஊற்றினாள், என்னை ஊற்றவிடவில்லை. “வெளிய சொன்னா இன்னைக்கே தோண்டிருவாவ. தோண்டுனா அவ திரும்பவும் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துருவா. பெறவு எழும்பவே மாட்டா.”

“மைனி, ஒருவேளை அவன்...”

“பேசாத” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே போய் முன்னறை லைட்டை அணைத்தாள், ஸ்டூலை எடுத்து அடுப்படியில் போட்டாள். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை.

நித்திரை அடைந்தவர்கள் பட்டியலில் அந்த ஞாயிறு டைட்டஸ் பேரை வாசித்தார்கள். அதே ஞாயிறு பியூலாவுக்கு முதலாம் ஓலையும் வாசித்தார்கள், ரத்தினபாய் அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. இடைப்பட்ட நாளெல்லாம் கல்லறைத் தோட்டம் வழியாகப் போகிற வேலையை நான் மாற்றிக்கொண்டேன், பால் வாங்கச் சுற்றுவழியில் போனேன். என்ன கேட்குமோ என்று பயம், ஒன்றும் கேட்காதோ என்றும் பயம். மைனி போனாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து அந்தச் சின்னப் பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு உடுத்தப் பட்டுப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. மைனி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பியூலா தூணோரத்தில் இல்லை, நடுவில் பெண்களோடு இருந்தாள், மடியில் அந்தப் பிள்ளை. ஐயர் ஓலையை விரித்து, இரண்டு பேருடைய பேரையும் தகப்பன்மார் பேரையும் வாசித்து, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே எழும்பிச் சொல்லலாம் என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார், வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். மைனியின் கை என் முந்தானையைப் பிடித்து முறுக்கியது. நான் எழும்பிவிடாதபடிக்குப் பிடித்தாளா, தான் எழும்பிவிடாதபடிக்குப் பிடித்தாளா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.